ஏழாவது பாட்டுக்குக் கட்டிய பிராது

நான் வேலை செய்வது கடலூர் குடிகாடு பக்கத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியின் லேபில். டேங்கரில் வரும் ஒவ்வொரு லோடிலும் ஒரு குப்பி எடுத்துச் சோதித்து, சரியாக இருந்தால் கையெழுத்துப் போடுவேன், இல்லையென்றால் வண்டியைத் திருப்பி அனுப்புவேன். மீட்டர் என்ன சொல்கிறதோ அதுதான் எனக்கு வேதம். பேய், பில்லி, சூனியம் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்துபோய் டீ குடிக்கிற ஆள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேட்டு முடித்ததும் நீங்கள் என்னைப் பார்க்கப்போகிற பார்வை எனக்குத் தெரியும், ஏற்கெனவே நாலு பேர் பார்த்துவிட்டார்கள். நம்பினால் நம்புங்கள். இல்லையென்றால் ஸ்டீபனைக் கேளுங்கள். அவனுக்குப் பொய் சொல்லத் தெரியாது, அதனாலேயே இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

ஸ்டீபன் எங்கள் பேண்டின் டிரம்மர். பேண்ட் என்றால் கல்யாண ஊர்வலத்து பேண்ட் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். கிட்டாரையும் டிரம்ஸையும் பம்பை உடுக்கையோடு சேர்த்து நம்ம பக்கத்துப் பாட்டை ராக்காகப் பாடுகிற கூட்டம். பெயர் சவுக்குத்தோப்பு. கூட்டம் என்கிறேனே தவிர மூன்றே பேர்தான். கிட்டார் மதன், தோல் கருவிகள் எல்லாம் ஸ்டீபன், பாட்டு எழுதுவதும் பாடுவதும் ஜெயலட்சுமியாகிய நான். செம்மண்டலத்தில் எங்கள் வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் பாடிப் பாடி, பக்கத்து வீட்டுக்காரர் எங்களோடு பேசுவதையே நிறுத்தியிருந்தார்.

அப்படிச் சேர்த்த எட்டுப் பாட்டை ஆல்பமாகப் போடலாம் என்று முடிவெடுத்து சிதம்பரம் போனோம். மேல வீதியில் ஒரு ஜவுளிக் கடைக்கு மேலே பாலு அண்ணன் ஸ்டுடியோ வைத்திருக்கிறார். சுவர் முழுக்கப் பழைய மெத்தையை அடித்து, ஜன்னலை அடைத்து, வெளியே தேர் போனாலும் உள்ளே தெரியாத மாதிரி செய்த அறை. எட்டுப் பாட்டையும் அங்கே நான் பாடி முடித்தேன். ஏழாவது பாட்டு முடிந்தபோது பாலு அண்ணன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரெக்கார்டிங்கை நிறுத்த மறந்துவிட்டார்.

அந்தப் பாட்டின் பெயர் ‘பெட்டி’. என் தம்பி குமரன் மஸ்கட்டில் கட்டட வேலைக்குப் போனவன், வேலை செய்யும் இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து போய்விட்டான். இருபத்தெட்டு வயது. பெட்டியில்தான் வந்தான். அதைத்தான் எழுதினேன், அவனே பேசுவது மாதிரி. நாலே வரி, திரும்பத் திரும்ப வரும்.

சாப்பிட்டியா அம்மா, வீடு கட்டி ஆச்சா,
தம்பி வந்து நிக்கிறேன், தண்ணி கொஞ்சம் தா,
பெட்டிக்குள்ள வேர்க்குது, கதவத் தொறந்து வை,
வரேன்னு சொன்னேனே, வரவேணாம்னு சொன்னியே அம்மா.

பாடி முடித்து ஊர் வந்துவிட்டேன். மிக்சிங் நடந்த மாதம் எங்கள் கம்பெனியில் எந்திரங்களை நிறுத்திப் பழுது பார்க்கிற வருடாந்திர ஷட்டவுன், லேபில் ஒருவருக்கும் லீவு கிடையாது. மதன்தான் வாரம் இரண்டு தடவை சிதம்பரம் போய் வந்தான். கேட்டால், “சூப்பரா வந்துட்டு இருக்கு ஜெயா, நீ வேலையப் பாரு” என்பான். நானும் வேலையைப் பார்த்தேன், முட்டாள் மாதிரி.

ஒரு வெள்ளிக்கிழமை ஆல்பம் நெட்டில் வந்தது. கேன்டீனில் சாம்பார் சாதத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டு இயர்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன். முதல் பாட்டு மதன் குரல். சரி, சேர்ந்து பாடுகிற மாதிரி செய்திருப்பான், நான் அடுத்து வருவேன் என்று காத்திருந்தேன். வரவில்லை. இரண்டாவதும் மதன். எட்டும் மதன். நான் பாடி வைத்ததைக் காதில் போட்டுக் கேட்டுக்கொண்டே அதன்மேல் பாடி, பிறகு என்னை அழித்திருக்கிறார்கள். கடைசியில் சின்ன எழுத்தில் ‘நன்றி: ஜெயா’ என்று இருந்தது. டீ வாங்கிக் கொடுத்தவருக்குப் போடுகிற நன்றி அது.

அதைக்கூட விழுங்கியிருப்பேன். இரண்டு வாரம் கழித்து ஒரு யூடியூப் சேனலில் பேட்டி. ஏழாவது பாட்டு எப்படி வந்தது என்று அந்தப் பெண் கேட்கிறாள். மதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “அது என் தம்பி” என்றான். மேலே பேச முடியாமல் கையை ஆட்டினான். அந்தப் பெண்ணும் அழுதாள். மதனுக்குத் தம்பியே கிடையாது, இரண்டு அக்காவுக்குப் பிறகு பிறந்த ஒரே ஆண் பிள்ளை.

போன் போட்டேன். அவன் குரல் ஒன்றும் மாறவில்லை. “பாட்டுன்னா கதைதான ஜெயா. யாரு தம்பியா இருந்தா இன்னா? அது ஆம்பள பேசுற பாட்டு, ஆம்பளக் கொரல்லதான் நிக்குது. எல்லாத்தையும் பெர்சனலா எடுத்துக்காத.”

செத்தவனை எனக்கு வேண்டாம் என்று நான் எழுதியா கொடுத்தேன்? அவன் நாசமாய்ப் போக வேண்டும் என்று நினைத்தேன். இதில் நல்லவள் வேஷம் போட எனக்கு ஆசையில்லை.

விருத்தாசலம் பக்கத்தில் பிராது கட்டுகிற கோயில் இருப்பது எங்கள் மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். போலீஸ் ஸ்டேஷனில் எழுதுவது மாதிரிதான். யார் மேல் புகார், அவன் என்ன செய்தான், உனக்கு என்ன வேண்டும் என்று வெள்ளைத் தாளில் எழுதி, சாமி காலடியில் வைத்து வாங்கி, ஆபீஸ் நோட்டில் பதிந்து, பிறகு வெளியே முனியப்பர் முன்னால் நிற்கும் சூலத்தில் சுருட்டி நூலால் கட்டிவிட வேண்டும். தொண்ணூறு நாளைக்குள் தீர்ந்துவிடும் என்பார்கள். தீர்ந்ததும் மறக்காமல் போய் ராஜினாமா எழுதிக் கொடுத்து பிராதை வாபஸ் வாங்க வேண்டும். எனக்கு அதில் நம்பிக்கை இருந்ததா என்றால் இல்லை. எரிச்சலில் பாத்திரத்தை எறிவோமே, அந்த மாதிரிதான் போனேன். காய்ச்சல் என்று கம்பெனிக்குச் சொல்லிவிட்டு ஒரு திங்கட்கிழமை காலை பஸ் ஏறினேன்.

நல்ல கூட்டம், வரிசையில் நின்றேன். ஆபீஸில் இருந்தவர் மூக்குக்கண்ணாடி வழியே பார்த்து, “எதிராளி எந்த ஊரும்மா? இங்கருந்து எவ்ளோ தூரம்?” என்றார்.

“தூரம் எதுக்குங்க?”

“சாமி போய்ட்டு வரணும் இல்ல.”

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். எதிராளி மதன், கடலூர் மஞ்சக்குப்பம் என்று பதிந்தார். தாளில் நான் எழுதியது இது: ‘என் தம்பியைத் தன் தம்பி என்று சொல்லிவிட்டான். அந்தப் பாட்டின் ஒரு சொல்கூட இனி அவன் வாயிலிருந்து வரக் கூடாது.’ நாலு வரியையும் கீழே எழுதினேன். சூலம் முழுக்க சுருட்டிய தாளாகத் தொங்கியது, ஒரு இடுக்கு பார்த்துக் கட்டிவிட்டு வந்தேன்.

பதினெட்டாவது நாள் ஸ்டீபன் போன் செய்தான். அவன் மதனோடுதான் வாசித்துக்கொண்டிருந்தான், அதில் எனக்கு அவன் மேலும் வருத்தம் உண்டு. “சிதம்பரத்துல புரோக்ராம். ஆறு பாட்டு நல்லாப் பாடுனான். பெட்டி வந்ததும் வாயத் தொறக்குறான், காத்துதான் வருது. மைக்கு போச்சுன்னு வேற மைக்கு குடுத்தாங்க. அதுலயும் வரல. எட்டாவது பாட்டு மறுபடி ஒழுங்கா வந்துச்சு. இன்னான்னே புரியல.”

நான் போனை வைத்துவிட்டு பேக்கரிக்குப் போய் இரண்டு முட்டை பப்ஸ் வாங்கித் தின்றேன். அவ்வளவு ருசியாக அதற்கு முன் எதையும் தின்றதில்லை. தற்செயல் என்றுதான் மூளை சொன்னது, ஆனால் மனசு குதியாட்டம் போட்டது.

இன்னும் ஒரு மாதம் போயிருக்கும், பாலு அண்ணன் கூப்பிட்டார். “அம்மாடி, ஒருவாட்டி வந்துட்டுப் போ. மதனுக்கு இப்ப பேச்சும் நின்னு நின்னு போவுது. நான் முப்பது வருஷமா மைக்குக்குப் பின்னாடி ஒக்காந்துருக்கேன், இந்த மாதிரி பாத்ததில்ல.” போனேன். அவன் கெஞ்சுவதைப் பார்க்கத்தான் போனேன்.

பகல் பதினோரு மணி இருக்கும். மெத்தை அடித்த அறைக்குள் மைக் முன்னால் மதன் உட்கார்ந்திருந்தான். ஆள் பாதியாகிவிட்டான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பாலு அண்ணன், ஸ்டீபன், நான். “பாட வேணாம், சும்மா பேசு மதன்” என்றார் பாலு அண்ணன்.

“ஜெயா, எல்லா டாக்டரும் பாத்துட்டாங்க. தொண்டையில ஒண்ணுமே இல்லங்குறாங்க. காலைல எழுந்ததும்...” என்றவன் வாயைத் திறந்தான், உதடு மூடித் திறந்தது, சத்தமில்லை. “...ன்னு கூப்பிட முடியல. ஆஸ்பத்திரியில நாக்கு வறண்டு கெடந்தேன், குடிக்க... குடிக்க...” மறுபடி வாய் மட்டும் அசைந்தது.

நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, மீட்டரைப் பார்த்தேன். குரலுக்கு ஏற்றபடி பச்சை விளக்கு ஏறி இறங்குகிற மீட்டர். அவன் பேசும்போது குதித்தது. அந்தச் சொல் வரும் இடத்தில் சுத்தமாக அணைந்தது. யாராவது மெதுவாகப் பேசினாலும், மூச்சு விட்டாலும்கூட அது துடிக்கும். துடிக்கவில்லை. அம்மா வரவில்லை. தண்ணி வரவில்லை. பாட்டு மட்டும் போகவில்லை, பாட்டில் இருந்த ஒவ்வொரு சொல்லும் அவனிடமிருந்து போயிருந்தது. நான் அப்படித்தானே எழுதிக் கொடுத்தேன், ஒரு சொல்கூட என்று.

“அவன் பாப்பாவுக்கு நாலு வயசு,” என்றார் பாலு அண்ணன் என் காதருகே. “ஸ்கூல் விட்டு வந்தா தெனமும் சாப்பிட்டியான்னு கேப்பானாம். இப்ப கேக்க முடியறதில்ல, அப்பாவுக்கு எம்மேல கோவம்னு அது கிட்டயே போறதில்லையாம்.”

இந்த இடத்தில் மனசு இளகியது என்று சொன்னால் பொய். கொஞ்சம் ஆடியது, அவ்வளவுதான். நான் மைக் பட்டனை அழுத்தி உள்ளே இருந்த மதனிடம் பேசினேன். “நான் உம்மேல பிராது கட்டியிருக்கேன். எடுத்துடறேன். அதுக்கு முன்னாடி வீடியோவுல சொல்லு. அது என் தம்பி இல்ல, ஜெயாவோட தம்பின்னு சொல்லு.” ஸ்டீபன் கழுத்தில் கிடந்த சிலுவையைப் பிடித்துக்கொண்டு, “அடிப்பாவி” என்று மட்டும் சொன்னான்.

மதன் தலையாட்டினான். ஸ்டீபன் போனைத் தூக்கிப் பிடித்தான். “அது என்...” வரவில்லை. “அவன் ஜெயாவோட...” வரவில்லை. நாலு தடவை. கடைசியில் அழுதுகொண்டே, “ஜெயா கூடப் பொறந்தவன்” என்றான்.

“அது வேணாம்,” என்றேன். “தம்பின்னு சொல்லி பொய் சொன்ன. தம்பின்னு சொல்லித்தான் உண்மையும் வரணும்.”

அந்தச் சொல்லைத் திருப்பிக் கொடுத்தால்தான் அவன் அதைச் சொல்ல முடியும். என் பழி முழுசாகத் தீர வேண்டுமென்றால் நானே அவிழ்த்துவிட வேண்டும் என்று ஆகிவிட்டது. அதற்காகத்தான் போனேன், இரக்கத்தால் இல்லை. மறுநாளே அதே பஸ்.

அதே ஆபீஸ், அதே மூக்குக்கண்ணாடி. ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். அவர் நோட்டைப் புரட்டி, என் பெயரில் கோடு போட்டுவிட்டு, “ஏம்மா, ரெண்டும் சமாதானமாப் போயிடுச்சா?” என்றார்.

“எந்த ரெண்டு? நான் ஒண்ணுதான கட்டுனேன்.”

“நீங்க கட்டுனது ஒண்ணு. ஒங்க மேல கட்டுனது ஒண்ணு. அதே அட்ரஸ்லருந்தே வந்துருக்கே, ஒரே வீட்டுப் பஞ்சாயத்துன்னு நெனச்சேன்.” நோட்டை என் பக்கம் திருப்பினார். என் நம்பருக்கு அடுத்த நம்பர். அதே திங்கட்கிழமை. எதிராளி ஜெயலட்சுமி, செம்மண்டலம். பிராது கொடுப்பவர் ரா. குமரன். ஊர்ப் பெயர், தெருப் பெயர், கதவு எண் எல்லாம் எங்கள் வீடு. எழுத்தெல்லாம் ஆபீஸ்காரருடையதுதான். ஆனால் ஓரத்தில் கையெழுத்து அவன் போட்டது. பெயருக்கு அடியில் ஒரு கோடு, கோட்டுக்கு அடியில் இரண்டு புள்ளி. பத்தாம் வகுப்பிலிருந்து அப்படித்தான் போடுவான்.

“இது யாரு வந்து குடுத்தது?”

“அடுத்த நம்பர்னா ஒங்களுக்குப் பின்னாடி லைன்ல நின்னவருதான். தெனம் எவ்ளோ பேர் வராங்க, மூஞ்சியெல்லாம் எங்கம்மா ஞாபகம் இருக்கு?”

யாராவது விளையாடியிருப்பார்கள் என்று எனக்கும் தோன்றியது. யார்? அன்றைக்கு நான் போனது ஒருவருக்கும் தெரியாது. அம்மாவுக்கு எழுதத் தெரியாது. அந்த இரண்டு புள்ளி மதனுக்கும் தெரியாது, ஸ்டீபனுக்கும் தெரியாது.

ஆனால் குமரன் எதற்காக என் மேல் பிராது கட்டுவான் என்று நான் யோசிக்கவே இல்லை. பார்த்ததுமே தெரிந்துவிட்டது. சாவதற்கு மூன்று மாதம் முன்னால் எனக்கு போன் செய்தான். வெயில் தாங்கவில்லை, மூச்சு வாங்குகிறது, வந்துவிடுகிறேன் என்றான். மாடிக்கு இன்னும் தளம் போடவில்லை, ஒரு வருஷம் பொறுத்துக்கொள், இப்போது வர வேண்டாம் என்று சொன்னவள் நான். அம்மாவுக்கு அந்த போன் வந்ததே தெரியாது. பாட்டில் அதை அம்மா தலையில் வைத்தேன். மெட்டுக்கு அதுதான் பொருந்தியது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அக்கா என்று போட்டிருந்தாலும் அதே மெட்டில் அப்படியே உட்கார்ந்திருக்கும். ஆல்பம் வந்த பிறகு அம்மா ஒருநாள், “நான் எப்படா வரவேணாம்னு சொன்னேன்” என்று அவன் போட்டோவைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் சமையலறையில் நின்றுகொண்டு பேசாமல் இருந்தேன். ஊரார் முன்னால் பொய் சொன்னது மதன் மட்டுமா?

“இதையும் நானே வாபஸ் வாங்கிக்கறேன்,” என்றேன்.

“அதெப்படிம்மா? கட்டுனவருதான் வந்து ராஜினாமா குடுக்கணும்.”

“இன்னா வேணும்னு எழுதியிருக்காரு?”

“அது தாள்ல இருக்கும். தாளு சூலத்துல இருக்கு. நாங்க பிரிக்க மாட்டோம்.”

சூலத்தடியில் போய் நின்றேன். ஆயிரக்கணக்கில் தாள். எது அவனுடையது என்று எப்படித் தெரியும்? கை வைக்க முடியாமல் திரும்பினேன். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவள் என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை, எழுந்துபோய், அவன் அனுப்பிய பணத்தில் கட்டிய மாடியின் கதவைப் பூட்டினாள். அதற்கப்புறம் நாங்கள் யாரும் மேலே போவதில்லை.

மறுநாள் காலை மதன் போன் செய்து முதல் சொல்லாக அம்மா என்றான், பிறகு தண்ணி, வீடு, தம்பி என்று சின்னப் பிள்ளை மாதிரி சொல்லிக்கொண்டே போனான். வீடியோவும் போட்டான், நான் கேட்ட சொல்லிலேயே. என் குரலோடு ஆல்பம் மறுபடி வந்தது. கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது, ஆனால் அந்த பப்ஸ் ருசி அதில் இல்லை.

தொண்ணூறாவது நாள் லேபில் ஒரு குப்பியைக்கூடத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அப்படியென்றால் குமரன் கட்டியது வெறும் தாள் என்று விட்டுவிடலாம்தான். ஆனால் என் பிராது பலித்ததை மீட்டரில் பார்த்தவள் நான். அவனுடையது மட்டும் எப்படிப் பலிக்காமல் போகும்? அவன் கேட்டது என்னிடமிருந்து போயிருக்கிறது, என்னவென்றுதான் தெரியவில்லை. காலையில் எழுந்ததும் கை, கால், கண், குரல் எல்லாவற்றையும் சரிபார்க்கிறேன். எல்லாம் இருக்கிறது. தம்பி மேல் எனக்குக் கோபம்தான். கேட்டதை நேரில் வந்து கேட்டிருக்கலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை ஸ்டீபனோடு டீ குடித்துக்கொண்டிருந்தபோது, “எங்கிட்ட ஏதாவது மாறியிருக்காடா? இல்லாம போயிருக்கா? உண்மையச் சொல்லு” என்று கேட்டேன். அவன் டம்ளரை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினான். உதடு அசைவது தெரிந்தது, பின்னால் பஸ் ஹாரன் கேட்டது, டீ ஆற்றுகிற சத்தம் கேட்டது, அவன் குரல் மட்டும் கேட்கவில்லை. சொல்லேன்டா என்று மறுபடி மறுபடி கேட்டேன்.

“நாலு தடவ சொல்லிட்டேன் ஜெயா,” என்றான். “இப்பகூட சொன்னேன்.”